ராமநாதன் சார் வாங்கிக்கொடுத்த நெய் ரோஸ்ட்

எனக்குக் கால்பந்து பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வேர்க்க விறுவிறுக்க ஓடி, முழங்காலை உடைத்துக்கொண்டு, முப்பது தாண்டியதுமே கிழவன் என்று பெயர் வாங்குவதை ஒரு பிழைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்த மராத்தி ஊரில், விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டைப் பார்த்தபடி நான் நடத்தும் டிபன் கடையில் பாதிக் கூட்டம் கால்பந்துக் கூட்டம்தான். முளா ரேஞ்சர்ஸ் என்று ஒரு கிளப். அதன் ஆட்டக்காரர்கள் கடைக்குப் பின்தெருவில் கிளப் எடுத்துக் கொடுத்திருக்கும் ஃப்ளாட்டுகளில் தங்குகிறார்கள். மணிப்பூர், கேரளா, கோவா, நம்ம ஊர் என்று எல்லாப் பக்கத்துப் பையன்களும் காலையில் என் கடை இட்லியைத் தின்றுவிட்டுத்தான் மைதானத்துக்குப் போவார்கள். அந்த வகையில் எனக்கு ராமநாதன் சாரைத் தெரியும்.

ராமநாதன் அந்த கிளப்பின் டீம் மேனேஜர். மேனேஜர் என்றதும் டைரியும் டையுமாக ஒரு ஆளை நினைத்துவிடாதீர்கள். ரயில் டிக்கெட் போடுவது, ஹோட்டலில் அறை பிடிப்பது, ஆட்டக்காரர்களின் பெயரை லீக்கில் பதிவு செய்வது, எவனுக்குக் காய்ச்சல், எவன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று விசாரிப்பது, இதெல்லாம்தான் அவர் வேலை. கும்பகோணத்துக்காரர். சின்ன வயதில் இங்கே கட்கியில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அந்தத் தொழிற்சாலை டீமில் டிஃபென்ஸ் ஆடியிருக்கிறார். ஓய்வு பெற்றதும் கிளப் கூப்பிட்டது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் விச்சு கனடாவில். வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு காலை, மாலை இரண்டு வேளையும் என் கடைக்கு வந்துவிடுவார்.

சீசன் ஏப்ரலில் முடியும். அதற்கப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன மே மாதம். யாரை வைத்துக்கொள்வது, யாரை விட்டுவிடுவது, யாருக்கு ஒரு வருஷம், யாருக்கு இரண்டு வருஷம் என்று விமான் நகரில் இருக்கும் கிளப் ஆபீஸில் முடிவு செய்வார்கள். புதுக் கோச் வந்தால் அவருக்குப் பழைய ஆள் பிடிக்காது. வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் ஒருவனுக்குச் சம்பளத்தைக் கொட்டினால் உள்ளூர்க்காரன் நான்கு பேர் தலையில் விழும். முடிவெடுப்பது ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் அவர்கள். அதைப் போய்ச் சொல்வது மட்டும் ராமநாதன் சார். இந்த நியாயத்தை நான் பல தடவை அவரிடம் கேட்டுவிட்டேன். உங்களுக்கு என்ன தலையெழுத்து, மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள் என்று. அதற்கு அவர், மெயிலுக்குக் கண் இருக்கா என்று கேட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. விட்டுவிடப்போகிற பையனைக் காலையில் என் கடைக்குக் கூட்டிவருவார். ஜன்னலோரம் இருக்கும் மூலை மேஜையில் உட்கார வைப்பார். பையன் என்ன கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, நெய் ரோஸ்ட், வடை, காபி. அவன் முழுசாகச் சாப்பிட்டு, காபி டம்ளரைக் கீழே வைக்கிற வரைக்கும் ஊர்க்கதை பேசுவார். டம்ளர் கீழே வந்ததும், உன்ன இந்த வருஷம் வச்சுக்கலப்பா என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. தோளில் கை போட்டு அவன் ஃப்ளாட் வாசல் வரைக்கும் நடந்து போய் விட்டுவிட்டு வருவார்.

எதற்கு இந்த வழக்கம் என்று அவரே ஒருநாள் சொன்னார். அவர் ஆடிய காலத்தில், தொழிற்சாலை டீமிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டதை அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். விடியற்காலைப் பயிற்சிக்கு வந்தவர், வெறும் வயிறு. சைக்கிளை மிதித்துத் திரும்பும்போது கட்கி ரயில்வே கேட் பக்கத்தில் தலை சுற்றி விழுந்துவிட்டார். அடி கால் எலும்பில். அப்புறம் அவர் எந்த டீமிலும் ஆடவே இல்லை. வயிற்றில் ஏதாவது இருந்தால் எந்த அடியும் கொஞ்சம் தாங்கும் என்று அன்றைக்கு முடிவு செய்தாராம்.

அதைக் கேட்ட பிறகு அவர்மீது எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. காரணம், எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்தது. என் வீட்டுக்காரர் பாலச்சந்திரன் கோயமுத்தூரிலிருந்து ஹிஞ்சேவாடிக்கு சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் லேப்டாப் திறக்கவில்லை. செக்யூரிட்டி வந்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டான். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல், கம்பெனி கேப்பும் இல்லாமல், டிராஃபிக்கில் நின்று நின்று வீடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம்தான் இந்தக் கடை. இப்போது கல்லாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார், இருந்தாலும் வெள்ளிக்கிழமை மதியத்தில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சரி, ராமநாதன் சாரின் வழக்கத்துக்கு வருகிறேன். ஒரு வேலையை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்தால் பையன்கள் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? டீமில் ஒருவன் பெயரை அடித்துவிட்டால், கீ ரோஸ்ட் ஹோ கயா, அதாவது நெய் ரோஸ்ட் ஆகிவிட்டது என்பார்கள். மலையாளி அவன் ராகத்தில் சொல்வான், மணிப்பூர்க்காரன் அவன் ராகத்தில் சொல்வான். புதிதாகச் சேருகிற பையனுக்கு மைதானத்தின் வழியைச் சொல்லிக் கொடுக்கிறார்களோ இல்லையோ, சார் தோசை சாப்பிடக் கூப்பிட்டால் பெட்டியைக் கட்டு என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மே மாதம் வந்தால் சொந்தக் காசில்கூட ஒருத்தனும் நெய் ரோஸ்ட் கேட்க மாட்டான். மூலை மேஜை காலியாகவே கிடக்கும். என் தோசை மாஸ்டருக்குத் தெரியும், கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். தெரியாத ஒரே ஆள் ராமநாதன் சார். நல்லது என்று நினைத்துச் செய்கிற மனுஷனிடம் போய், உங்கள் தோசையைப் பார்த்தாலே பையன்களுக்குக் குலை நடுங்குகிறது என்று எவன் சொல்வான்?

இந்தக் கூட்டத்தில் ராம்பிரசாத் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். வியாசர்பாடிக்காரன். லெஃப்ட் பேக். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள், கோலைத் தடுக்கிறவனுக்குக் கை தட்டுவார்கள், இடது ஓரத்தில் நின்று நாள் முழுக்க ஓடுகிறவன் பெயர் எவனுக்கும் ஞாபகம் இருக்காது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் கிடையாது. அவனுடைய கவலையே வேறு. மனைவி ப்ரீத்தி சென்னையில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். மகள் மீனு. அவன் கோவாவில் ஒரு வருஷம், கல்கத்தாவில் ஒரு வருஷம், கொச்சியில் ஒரு வருஷம் என்று ஒற்றை வருஷ ஒப்பந்தமாகவே ஆடிக்கொண்டிருந்தவன். ஜூன் வந்தால் புது ஊர், புது ஃப்ளாட். பெண்டாட்டி, பிள்ளையை எங்கே கூட்டிவந்து குடிவைப்பது? மீனுவுக்கு அப்பா என்றால் செல்போனுக்குள் இருக்கிற ஆள். ஒருதடவை அவன் நேரில் வீட்டுக்குப் போனபோது, கட் பண்ணிடாதப்பா என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாளாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, சாம்பார் கேட்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருஷ ஒப்பந்தம். அது கிடைத்தால் ப்ரீத்தி இங்கே ஒரு லேபில் சேர்ந்துகொள்வாள், மீனுவை இங்கே பள்ளிக்கூடத்தில் போடலாம், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். இதை அவன் என்னிடம் சொன்னான், தோசை மாஸ்டரிடம் சொன்னான், ராமநாதன் சாரிடம் சொல்லாத நாளே கிடையாது. அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ப்ரீத்தியும் மீனுவும் வந்து பத்து நாள் தங்கினார்கள். பின்தெருவில் ஒரு வீடு பார்த்தார்கள். பள்ளிக்கூடமும் பார்த்தார்கள். மீனு என் கடைக்கு வந்து, இங்கே தினமும் கேசரி உண்டா ஆன்ட்டி என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஆபீஸில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வயதாகிவிட்டது, முழங்கால் சரியில்லை, இவனை விட்டுவிட்டு ஒரு இளசைப் பிடிக்கலாம் என்று புதுக் கோச் சொல்லியிருக்கிறார். ராமநாதன் சார் அதுவரை எவனுக்காகவும் வாய் திறந்ததில்லை. அவர் வாயே திறக்க மாட்டார் என்றுதான் ஆபீஸில் அவரை வைத்திருந்தார்கள் என்று நான் சொல்வேன். அந்தத் தடவை திறந்திருக்கிறார். இவனுக்கு நான் பொறுப்பு, இவன் ஓடிப்போகிற ஆள் இல்லை, இரண்டு வருஷம் கொடுங்கள் என்று நாள் கணக்கில் போய் நின்றிருக்கிறார். கடைசியில் சரி என்றார்கள். முதலாளி வெளியூரிலிருந்து வந்து கையெழுத்துப் போடுகிற வரைக்கும் எவனிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னார்கள். ராமநாதன் சார் மூச்சு விடவில்லை. மனுஷனுக்குச் சந்தோஷத்தை மட்டும் அடக்க முடியவில்லை.

மறுநாள் காலை ராம்பிரசாத்தைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நேராக மூலை மேஜை. ராம்பிரசாத் வாசலிலேயே நின்றுவிட்டான். சமையலறை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வாப்பா, உக்காரு என்று சார் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நெய் ரோஸ்ட் சொன்னார், வடை சொன்னார், அன்றைக்கு வழக்கமில்லாமல் கேசரியும் சொன்னார். செல்லப் பிள்ளை, அதனால் வழியனுப்புவதும் பெரிதாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.  என்னால் முடிந்தது தோசையில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றியதுதான்.

அவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். சார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அதை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். காபி டம்ளர் கீழே வந்தது. எப்போதும் சொல்கிற அந்த வார்த்தை வரப்போகிறது என்று நான் அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றேன். அது வரவில்லை. அவன் தோளை அழுத்திவிட்டு, ஆபீஸ்லேருந்து ஃபோன் வரும்ப்பா, அதுவரைக்கும் மனசப் போட்டு அலட்டிக்காத என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ராம்பிரசாத் கைகழுவிவிட்டு என்னிடம் வந்தான்.

“சாருக்கு வாய் வரலக்கா,” என்றான். “பாவம், சொல்ல முடியாம எழுந்து போய்ட்டாரு.”

 நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு நல்ல டீம் கிடைக்கும் என்று ஏதோ உளறினேன்.

இந்தத் தொழிலில் ஒரு கேவலம் உண்டு. கிளப் விட்டுவிட்டது என்று செய்தி வெளியே போய்விட்டால் ஆட்டக்காரனின் மதிப்பு பாதியாகிவிடும். கிளப் ஃபேஸ்புக்கில் அவன் படத்தைப் போட்டு நன்றி என்று எழுதிவிட்டால் அவ்வளவுதான், எல்லோரும் ஒரு படி கீழேயிருந்துதான் பேரம் ஆரம்பிப்பார்கள். செய்தி வருவதற்கு முன்பே அவனாக விலகி வேறு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கொஞ்சம் மானம் மிஞ்சும். சென்னையில் ஷ்யாம் என்று அவனுக்கு ஒரு ஏஜென்ட் இருந்தான். கடை வாசலில் நின்றபடியே அவனுக்கு ஃபோன் போட்டான். எங்கோ வடக்கே புதிதாக ஆரம்பித்த ஒரு கிளப், ஒரு வருஷம், உடனே கையெழுத்து வேண்டும் என்றான் ஷ்யாம். இப்போதெல்லாம் கையெழுத்துக்கு ரயில் ஏற வேண்டியதில்லை, செல்போனிலேயே போட்டுவிடலாம். சாயங்காலத்துக்குள் போட்டுவிட்டான். வீடு வேண்டாம், ஸ்கூல் வேண்டாம் என்று ப்ரீத்திக்கும் சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் காலை ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. இரண்டு வருஷம், ராமநாதன் சார் உனக்காகச் சண்டை போட்டு வாங்கியது, வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றார்கள்.

ஷ்யாமிடம் பேசிவிட்டு அவன் நேராக என் கடைக்குத்தான் வந்தான். சமையலறைக்குள் வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான்.  அந்தப் புதுக் கிளப்பை விடச் சொல்லேன் என்றேன். ஷ்யாம் கேட்டுப் பார்த்துவிட்டானாம். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டால் புகார் கொடுப்போம், ஆடவே தடை வரும் என்று அவர்கள் மிரட்டிவிட்டார்கள். சாரிடம் போய் நடந்ததைச் சொல்லு, அவராவது ஏதாவது செய்வார் என்றேன்.

“வேணாங்க்கா. எனக்காக ஆபீஸ்ல போயி சண்ட போட்டிருக்காரு மனுஷன். அவரு வாங்கிக் குடுத்த தோசையாலதான் இப்படி ஆச்சுன்னு எந்த வாயால சொல்றது? நான் காசுக்கு ஓடிட்டேன்னு நெனச்சு திட்டிக்கினே இருக்கட்டும். கோவத்த அவரு தாங்கிப்பாரு. இத தாங்க மாட்டாரு. நீங்களும் சொல்லக் கூடாது, மீனு மேல சத்தியமா.”

குழந்தை மேல் சத்தியம் வாங்கிவிட்டுப் போனான். மதியம் ராமநாதன் சார் வந்தார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்து, உங்கள் ஆள் கம்பி நீட்டிவிட்டான் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நன்றி கெட்டவன், பிள்ளை மாதிரி நினைத்தேனே என்று புலம்பினார். அவர் செல்போனில் ராம்பிரசாத்தும் மீனுவும் அவரும் நிற்கிற படம் ஒன்று இருந்தது. என் கண்முன்னாலேயே அதை அழித்தார். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சத்தியத்தை நினைத்து விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தப் புதுக் கிளப் பாதி சீசன்கூடத் தாங்கவில்லை. சம்பளம் நின்றது, பிறகு கிளப்பே நின்றுபோனது. ராம்பிரசாத்துக்கு அதற்குள் முழங்கால் போய்விட்டது. வயதும் கூடிவிட்டது. அவனை எவன் எடுப்பான்? சென்னையில் கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி இங்கேயே வந்து சேர்ந்தான். ஹிஞ்சேவாடியில் வாடகைக்கு விடுகிற, செயற்கைப் புல் போட்ட டர்ஃப் மைதானம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிற வேலை. சாஃப்ட்வேர்க்காரர்கள் ஆபீஸ் முடிந்து வந்து ஆடுவார்கள். விளக்கைப் போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, நேரம் முடிந்தால் விசில் ஊதி வெளியே அனுப்புவது. ஆள் குறைந்தால், அங்கிள், நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள் என்று அவனைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். லீக்கில் ஆடியவன் என்று அங்கே எவனுக்கும் தெரியாது. டர்ஃபை ஒட்டின தகர அறையில்தான் படுக்கை. அங்கே குடும்பத்தைக் கொண்டுவர முடியுமா? ப்ரீத்தியும் மீனுவும் சென்னையிலேயே இருக்கிறார்கள். மீனு இப்போது நன்றாக வளர்ந்துவிட்டாள். முன்னே மாதிரி அப்பாவிடம் ஃபோனில் பேசுவதில்லை, ஹோம்வொர்க் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாளாம்.

மாதத்தில் ஒருநாள் இரண்டு பஸ் மாறி என் கடைக்கு வருவான். ஒருநாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ராமநாதன் சார் உள்ளே வந்துவிட்டார். அவனைப் பார்க்காமலே உட்கார்ந்து காபி சொல்லி, டம்ளர் வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அவன் எழுந்து நின்றான். சார் என்றான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காபியை அப்படியே வைத்துவிட்டு நடையைக் கட்டிவிட்டார். ராம்பிரசாத் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அந்த மேஜையில் போய் உட்கார்ந்து, சார் வைத்துவிட்டுப் போன காபியைக் குடித்தான். வீணாகக் கூடாதுல்லக்கா என்றான். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது. வந்து என்ன செய்ய, இட்லித் தட்டைப் படபடவென்று தட்டினேன்.

இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. ராமநாதன் சார் தன் வழக்கத்தை விடவில்லை. மே வந்தால் மூலை மேஜை, நெய் ரோஸ்ட், காபி. ஊர்க்கதை மட்டும் குறைந்துவிட்டது. யாருக்காகவும் ஆபீஸில் போய் நிற்பதும் இல்லை. ஒருத்தனுக்குப் பொறுப்பேற்றுப் பட்ட அவமானம் போதும் என்று என்னிடமே சொன்னார்.

போன மே மாதம் ஒருநாள் காலை கிறிஸ்டோபரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தூத்தூர்க்காரன், கடற்கரை மணலில் ஆடி வளர்ந்தவன், ஸ்ட்ரைக்கர். ராம்பிரசாத் இங்கே கடைசியாக ஆடிய சீசனில்தான் முதன்முதலாக டீமில் சேர்ந்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஃப்ளாட். அவன் வாசற்படியிலேயே நின்றுகொண்டான். சார் மூலை மேஜைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். வாடா, சாப்ட்டுட்டுப் பேசலாம் என்றார்.

“சார், இஞ்ச வச்சே சொல்லிருங்க,” என்றான் கிறிஸ்டோபர். “எனக்குத் தோச வேண்டாம்.”

சாருக்குப் புரியவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

“நீங்க தோச வாங்கித் தந்தா கத முடிஞ்சிதுன்னு எல்லாருக்கும் தெரியும் சார். அதத் தின்னுட்டு அதுக்கப்பறம் கேக்க எனக்கு முடியாது. நின்னே கேட்டுக்கிறேன்.”

கடையில் அந்த நேரம் நான்கைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும்னா என்று சார் கேட்டார். டீம் முழுக்க சார் என்றான் அவன். உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். அல்லது கேட்டதுதான் நல்லதோ, எனக்கு இன்னமும் தெரியவில்லை.

“நான் வந்த மொத நாளே ராம்பிரசாத் அண்ணன் சொல்லித் தந்தாரு சார்.”

ராமநாதன் சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவர் எதையோ ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்ப்பது என் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. அந்தக் காலை, அந்தக் கேசரி, அவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டது, சாயங்காலமே அவன் கையெழுத்துப் போட்டது. பையன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவனுக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்ததே. சார் வாசல் வரைக்கும் வந்தார். உன்ன இந்த வருஷம் வச்சுக்கலப்பா என்று நின்ற வாக்கிலேயே சொன்னார். கிறிஸ்டோபர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். இவ்வளவு வருஷத்தில் அவர் வெறும் வயிற்றோடு அனுப்பிய முதல் பையன் அவன்தான்.

திரும்பி வந்து மூலை மேஜையில் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

“சந்திரிகாம்மா, உங்களுக்குத் தெரியுமா?”

அவரே கண்டுபிடித்த பிறகு சத்தியம் என்ன சத்தியம். தெரியுங்க சார் என்றேன். குழந்தை மேல் சத்தியம் வாங்கிவிட்டான் என்றும், தெரிந்தால் நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்று சொன்னான் என்றும் சொன்னேன். அவர் அழவில்லை. சட்டைப் பையில் செல்போனைத் தேடினார். அதற்குள் இருந்த ராம்பிரசாத்தின் நம்பரைக்கூட அழித்துவிட்டிருந்தார். நான்தான் என் போனில் போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. அணைக்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சொல்லுங்கக்கா என்றான் ராம்பிரசாத். பின்னால் பந்துக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

சாருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆரம்பம்தான்.

“சாப்ட்டியாப்பா?”

காற்றடிக்கிற சத்தம் நின்றது. 

“சாப்ட்டேன் சார்.”

“அன்னிக்கு, உனக்கு ரெண்டு வருஷம் கெடச்சிருச்சுங்கற சந்தோஷத்துலதாண்டா கூட்டிண்டு வந்தேன்.”

“மறுநாளே தெரியும் சார்,” என்றான் அவன். “நீங்க சாப்ட்டீங்களா?”

 ராமநாதன் சார் போனை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். சார், சார் என்று அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தார். பிறகு ஆபீஸில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த இடத்துக்கு அவர்கள் ஆள் எடுக்கவில்லை. இப்போது எல்லாப் பையன்களுக்கும் மெயில்தான் வருகிறது.

அன்றைக்கு அவர் இறங்கிப் போனதும் நான் போனைக் கையில் எடுத்தேன். சார் போய்விட்டார் ராம்பிரசாத் என்றேன்.  காலையில் அவர் ஏதாவது சாப்பிட்டாரா அக்கா என்று கேட்டான். இல்லை என்றேன்.